எவ்வளவு என்று கேட்டோமா?

(தலைப்பு: உணவிலும் சுற்றுப்புறத்திலும் கலந்திருக்கும் வேதிப்பொருள் விஷயத்தில் நம்மிடம் மிகுந்திருப்பது அச்சமா, அலட்சியமா? 'அலட்சியமே' அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! "அச்சமே" என்று வாதாட வந்து, அரை மணி நேரமாக எங்களையெல்லாம் அச்சுறுத்திக் கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! கோயம்புத்தூர்த் தாய்மார்களே, பெரியோர்களே, லீவு நாளில் கையைப் பிடித்து இழுத்து வரப்பட்டிருக்கும் குழந்தைச் செல்வங்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை பிரமாதமாகப் பேசினார். "அரிசியைப் பார்த்தா பயம், பாலைப் பார்த்தா பயம், கத்தரிக்காயைப் பார்த்தா பயம்" என்று மாத மளிகைச் சிட்டையே வாசித்துவிட்டார். பேசி முடித்து உட்கார்ந்தார். மேடைக்குப் பின்னால் மிளகாய் பஜ்ஜி கொடுத்தார்கள். தங்கை என்ன செய்தார் தெரியுமா? பஜ்ஜியை ஒரு செய்தித்தாளில் வைத்து, நன்றாக அழுத்தி, எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம்தான் சாப்பிட்டார். (சிரிப்பு) எண்ணெய்க்குப் பயந்தாரே தவிர, அந்தச் சூட்டில் அச்சு மை பஜ்ஜிக்கு மாறியதைப் பார்க்கவில்லை. செய்தித்தாளில் உணவைக் கட்டாதீர்கள் என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லிவிட்டது. நடுவர் அவர்களே, பயம் வாயில் இருந்தது. கையில் இருந்தது அலட்சியம். வழக்கு இத்தோடு முடிந்தது, நான் உட்காரலாம். ஆனால் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறீர்கள். வாத்தியார் ஆச்சே, மணி அடிக்கும் வரை பேசித்தான் ஆக வேண்டும்.

அந்தத் தங்கையை மட்டும் சொல்வானேன்? என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் வீட்டம்மா செல்போனைப் பார்த்தபடியே வந்து, "ஏனுங்க, இனிமேல் முட்டைக்கோசு வாங்கிட்டு வராதீங்க. அதுல என்னமோ கெமிக்கலாமா" என்றார்.

"யார் சொன்னது?"

"எங்க சித்தி அனுப்பிச்சிருக்காங்க."

"சித்திக்கு யார் சொன்னது?"

"அதெல்லாம் கேக்கப்படாதுங்க." (சிரிப்பு)

அன்றோடு முட்டைக்கோசு நின்றது. அதே சமையல்கட்டில் தீபாவளிக்குப் பலகாரம் சுட்ட எண்ணெய், வடிகட்டி, தூக்குப்போசியில் பத்திரமாக இருந்தது. கார்த்திகை தீபம் வரைக்கும் அப்பளம் அதிலேதான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் சேரும். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைத் தொடக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதியே இருக்கிறது. சித்தி அதை அனுப்பவில்லை! நானும் வீட்டம்மாவிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த அப்பளம் எனக்குப் பிடிக்கும். குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எதிரணி கேட்கும், "பாருங்கய்யா, உங்க வீட்டம்மா பயந்தாங்கல்ல? அது அச்சம்தானே?" இல்லை. எந்த மருந்து, எவ்வளவு, யார் சோதித்தார்கள் என்று ஒரு கேள்வி கூடக் கேட்காமல் முட்டைக்கோசைத் தள்ளி வைப்பதற்குப் பெயர் அச்சம் அல்ல. யோசிக்கச் சோம்பல். அளக்காத பயமும் அலட்சியத்தின் பிள்ளைதான், நடுவர் அவர்களே.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மருதமலை அடிவாரத்தில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், அழகாகச் சொல்வார்கள். யானை காட்டுக்குள் நின்றால் அது யானை. ராத்திரி இரண்டு மணிக்கு நம் வீட்டு வாழை மரத்துக்குப் பக்கத்தில் நின்றால்தான் ஆபத்து. பொருளுக்குள் இருக்கும் கெடுதல் வேறு, அது நம்மை வந்து எட்டுகிற அளவு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பினால், காட்டு யானைக்குப் பயந்து வீட்டைக் காலி செய்வோம், வாசலில் நிற்கும் யானைக்குக் கதவைத் திறந்து விடுவோம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் 16-ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவரும் சொன்னார், நஞ்சாவதும் ஆகாததும் அளவைப் பொறுத்தது என்று. திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் இருக்கிறது. சூரணம், லேகியம் இருக்கும் என்று போனால், வள்ளுவர் பெரும்பாலும் சாப்பாட்டு அளவைத்தான் பேசிக் கொண்டிருக்கிறார்!

சரி, அந்த அளவை எப்படிக் குறிக்கிறார்கள்? நான் தமிழ் வாத்தியார். எனக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தது எங்கள் கல்லூரி வேதியியல் துறை நண்பர், டீக்கடை பெஞ்சில் வைத்து. ஒரு பொருளை எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கூட்டிக் குறைத்து, எந்த அளவு வரை எலிக்கு ஒரு கெடுதலும் தெரியவில்லையோ அந்த அளவைக் குறித்துக் கொள்கிறார்கள். அதை அப்படியே மனிதனுக்குச் சொல்வதில்லை. மனிதன் எலியல்ல, ஆகவே பத்தால் வகு. மனிதரிலும் கைக்குழந்தை உண்டு, பிள்ளைத்தாய்ச்சி உண்டு, சீக்காளி உண்டு, ஆகவே இன்னொரு பத்தால் வகு. ஆக, வழக்கமாக நூறில் ஒரு பங்கு. அதுவும் உடம்பு எடையில் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆயுள் முழுக்கத் தினமும் உண்டாலும் இதற்குள் இருந்தால் கவலையில்லை என்று மதிப்பிடுகிறார்கள்.

கிலோ கணக்கு என்றேனே, அதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். என் எடை 80 கிலோ. (சிரிப்பு) சிரிக்காதீர்கள், சட்டையோடு சேர்த்துத்தான். என் பேத்தி 12 கிலோ. நானும் அவளும் ஆளுக்கு ஒரு டம்ளர் கலர்த் தண்ணீர் குடித்தால், டம்ளர் ஒன்றுதான், ஆனால் அவள் உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் என்னைப் போல ஆறரை மடங்குக்கு மேல் போய்ச் சேருகிறது. "தாத்தாவுக்கு ஒண்ணும் ஆகலையே, நீயும் குடி கண்ணு" என்று கொடுக்கிறோமே, அந்தக் கணக்கு தப்பு.

2023 ஜூலையில் ஒரு வேடிக்கை நடந்தது. சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் அஸ்பார்டேம் இருக்கிறதல்லவா? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இது புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று பட்டியலில் சேர்த்தது. அதே நாளில் உணவுச் சேர்மங்களை ஆராயும் நிபுணர் குழு, கிலோவுக்குத் தினம் 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. "பாத்தீங்களா, இவங்களுக்கே தெரியல" என்று நம்மவர்கள் சிரித்தார்கள். இருவருக்கும் தெரியும் ஐயா! ஒருவர் காட்டில் யானை இருக்கலாம் என்றார். மற்றவர் அது உங்கள் தெருவுக்கு வர எவ்வளவு தூரம் என்றார். 70 கிலோ ஆள் அந்த வரம்பைத் தாண்ட, வேறெதிலும் அது கலக்கவில்லை என்றால், நாளுக்கு ஒன்பதிலிருந்து பதினான்கு டின் சர்க்கரையில்லாப் பானம் குடிக்க வேண்டும்.

யானை உண்மையாகவே தெருவுக்கு வந்ததும் உண்டு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. சோதித்துப் பார்த்ததில் ரோடமின்-பி. அது என்ன? துணிக்குப் போடுகிற சாயம்! உணவில் எவ்வளவு அனுமதி? சைபர். அடுத்த மாதமே கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் கூடாது என்று உத்தரவு. என் நண்பர் ஒருவர் பதறிப் போய்ப் போன் செய்தார், "ஏனுங்க, கோபில என்னமோ சாயமாமா?" ஐயா, அது கோபிசெட்டிபாளையம் இல்லீங்க, காலிபிளவர். (சிரிப்பு, கைதட்டல்)

ஆனால் நம் கோபியும் பொள்ளாச்சியும் தப்பிக்க முடியாது. 2015-இல் கேரளம் ஒரு குற்றச்சாட்டு வைத்தது, தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சி மருந்து மிச்சம் அதிகம் என்று. வாளையார் தாண்டிப் போகும் நம் லோடுகளுக்குச் சோதனை என்ற பேச்சு வந்தது. நமக்கெல்லாம் கோபம். எனக்கும் கோபம். பிறகு யோசித்தேன். கேரளம் சாப்பிடும் வெண்டைக்காயைத்தானே நாமும் சாப்பிடுகிறோம்? அவர்கள் சோதிக்கிறார்கள் என்று நமக்குக் கோபம் வந்தது, நாம் சோதிக்கவில்லையே என்று வரவில்லை.

விவசாயியைக் குறை சொல்ல நான் வரவில்லை, நானே தோட்டத்துப் பிள்ளை. மருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சுத்தன்மைக்கு ஏற்ற நிறம். பச்சை என்றால் நஞ்சு குறைவு என்று அர்த்தமே தவிர, பாலில் கலந்து குடிக்கலாம் என்றல்ல. தெளித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்றும் சீட்டில் இருக்கும், எறும்பு எழுத்தில். சந்தையில் விலை ஏறியிருக்கும் நாளில் அந்த எழுத்து யார் கண்ணுக்குத் தெரியும்? விற்பதற்கு நாலு ஏக்கர், வீட்டுக்கென்று மருந்தடிக்காத ஒரு பாத்தி என்று வைத்திருக்கும் தோட்டம் எனக்குத் தெரியும். அந்த ஒரு பாத்திதான் இந்தப் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு. தெரியாமல் செய்யவில்லை, தெரிந்துதான் செய்கிறோம். 1958-இல் கேரளத்திலும் நம் சென்னை மாகாணத்திலும் பூச்சி மருந்து கலந்துவிட்ட உணவைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். பூச்சி மருந்துச் சட்டம் வந்தது 1968-இல். பத்து வருஷம்! அச்சம் மிகுந்த நாடு பத்து வருஷமா எடுத்துக்கொள்ளும்?

அளந்தால் என்ன நடக்கும் என்பதற்கு, மஞ்சள் விற்கிற ஈரோட்டுக்காரர்கள் இதைக் கேளுங்கள். வங்காளதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் பூசினார்கள். ஈயம், குழந்தைகள் மூளையைக் கெடுக்கும் சரக்கு. 2019-இல் அளந்தார்கள், சந்தை மஞ்சளில் 47 சதவீத மாதிரிகளில் ஈயம். சந்தைக்கே கருவியைக் கொண்டு போய்ச் சோதித்தார்கள், அபராதம் போட்டார்கள், ஊரெல்லாம் சொன்னார்கள். 2021-இல் அந்த 47 சைபராயிற்று.

இனி நம் ஆற்றுக்கு வருகிறேன், நடுவர் அவர்களே. இதைச் சொல்லத்தான் நான் இந்த அணிக்கு ஒப்புக்கொண்டேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர்ப் பட்டீசுவரர் காலடியை நனைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நடந்து காவிரியில் கலக்கும் நொய்யல். என் அம்மா பிறந்த ஊர் சென்னிமலைப் பக்கம், ஆற்றுக்குக் கூப்பிடு தூரம். 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தார்கள். நான் எம்.ஏ. படித்துக் கொண்டிருந்தேன். என் மாமா, அம்மாவின் தம்பி, "மாப்ளே, இனி நம்ம பக்கம் ரண்டு போகம் பாரு" என்று தேங்காய் உடைத்தார்.

வந்தது தண்ணீர் அல்ல. திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையில், தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கெஞ்சிய அதிசயம் உலகத்தில் வேறெங்கும் உண்டோ என்னவோ. மாமா கிணற்றில் ஊற்று மாறிப் போனது. அதை முதலில் அளந்தது யார் தெரியுமா? விஞ்ஞானி அல்ல, அதிகாரி அல்ல. எருமை. தொட்டியில் மூக்கை வைத்தது, மோந்து பார்த்தது, தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக் கொண்டது. "தண்ணி வாயில வெக்க முடியலீங்க" என்று மாமா ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னார். "மழை பேஞ்சா சரியாயிரும்" என்றார்களாம். அந்தத் தண்ணீரில் உப்பு எவ்வளவு, சாயத்தின் மிச்சம் எவ்வளவு, உலோகம் எவ்வளவு, அதைக் குடித்தால் எத்தனை நாளில் என்ன ஆகும், ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. எருமைக்குத் தெரிந்தது எங்கள் குடும்பத்துக்குத் தெரிய வருஷங்கள் ஆயின.

இதே காலத்தில் நடந்த இன்னொன்றைக் கேளுங்கள். 1994-இல் ஜெர்மனி ஓர் உத்தரவு போட்டது. புற்றுநோய் உண்டாக்கும் அமின்களை வெளிவிடும் சில அசோ சாயங்களில் தோய்த்த துணி எங்கள் நாட்டுக்குள் வரக்கூடாது. இங்கே என்ன பரபரப்பு! 1997-இல் நம் அரசும் அந்த வகைச் சாயங்களைக் கையாளத் தடை போட்டது. ஏற்றுமதிப் பனியன்கள் சோதனைக் கூடத்துக்குப் போயின. பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்குப் பார்த்தார்கள். சந்தோஷம், வேண்டியதுதான். ஆனால் பனியனைப் போடப்போகிற ஜெர்மன்காரர் தோலுக்கு அவ்வளவு நுணுக்கமாக அளந்த நாம், அதே பனியனை அலசிய தண்ணீரைக் குடிக்கப்போகிற நொய்யல்கரைக்காரர் குடலுக்கு எதை அளந்தோம்? (கைதட்டல்)

கை தட்டாதீர்கள். நான் போட்டிருக்கும் பனியனும் திருப்பூர்தான். லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போடும் ஊர் அது. அந்த ஊரை ஏசிவிட்டு அந்த ஊர்ச் சட்டையோடு வீட்டுக்குப் போகிற நியாயம் எனக்கு வேண்டாம்.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். பயமாக இருக்கிறது என்று சொன்னால் நீதிமன்றம் கேட்காது. நிபுணர்கள் வந்து மண்ணை, கிணற்றை, அணையை அளந்தார்கள். 2004-இல் 68 கிராமங்களில் 28,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள், ஏறக்குறைய 25 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கு வந்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஒன்பதாயிரம் கூட இல்லை. ஒரு கிணற்றின் விலை! 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்போதும் ஆற்றில் சாயம் ஓடியது. 2011 ஜனவரி 28-இல் சாயப் பட்டறைகளை மூடு, மின்சாரத்தைத் துண்டி என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. வேலை போனவர்கள் ரயிலேறினார்கள். அதற்குப் பிறகுதான் கழிவை ஆற்றில் விடாமல், உப்பைப் பிரித்துத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் நிலையங்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கின. செய்ய முடிந்த காரியம்தான். 1992-இல் அளந்து செய்திருந்தால் கிணறும் இருந்திருக்கும், பட்டறையும் மூடியிருக்காது. அணை கட்டியதற்கும் பட்டறை நின்றதற்கும் நடுவில் பத்தொன்பது வருஷம். எதிரணியைக் கேட்கிறேன், இந்தப் பத்தொன்பது வருஷத்துக்கு நீங்கள் வைக்கும் பெயர் அச்சமா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா.

போன மாதம் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். எழுபத்தைந்து வயதாகிறது. குடிநீர் வாரியச் சோதனைக் கூடத்துக்குக் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கொண்டு போய்க் கொடுத்து, கட்டணம் கட்டி, சீட்டு வாங்கி வைத்திருந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மாப்ளே, நீ டாக்டர் பட்டம் வாங்குனவன். இதுல என்னமோ நெம்பர் போட்டிருக்குது. நல்லதா, கெட்டதா சொல்லு."

கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 1,840 மில்லிகிராம் என்று இருந்தது. இந்தியத் தர நிர்ணயத்தைச் சொன்னேன். "500 வரைக்கும் நல்ல தண்ணிங்க மாமா. வேற தண்ணிக்கு வழியே இல்லாட்டி 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாமுன்னு போட்டிருக்காங்க."

சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார்.

"வேற தண்ணிக்கு எங்க மாப்ளே போறது?" என்று கேட்டார்.

மணி அடித்துவிட்டது.